வாசகர் கேள்வி – பதில்: குகைக்குள் கையை நீட்டாதீர்கள்

கேள்வி: தொடக்கநிலை 5-இல் படிக்கும் என் மகன், பாறை விழுதுபோல் தொங்கும் நிலத்தடிக் குகையைப் படத்தில் பார்த்ததிலிருந்து அங்கே அழைத்துப்போகச் சொல்கிறான். பத்துமலைக்குப் பலமுறை சென்றிருக்கிறோம். இப்போது அந்த 272 படிகள் என் மாமியாரின் முழங்காலுக்கு ஒத்துவராது. சிங்கப்பூரிலேயே சிறிய குகை ஏதும் உண்டா? இல்லையென்றால் ஜூன் விடுமுறையில் எங்கே செல்லலாம்? – வாசகி, ஈசூன்

பதில்: சிங்கப்பூரில் அதற்கு வாய்ப்பில்லை, காரணம் கல்லின் குணம். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகையாக்குகிறது. புக்கிட் தீமா குன்றின் கருங்கல் அப்படிக் கரைவதில்லை. ஜூரோங் தீவுக்கு அடியில் 2014-இல் திறக்கப்பட்ட பாறைக் குகைகளோ, எண்ணெய்ப் பொருள்களைச் சேமிப்பதற்காக மனிதர் குடைந்தவை.

என் பரிந்துரை, சரவாக்கின் குனோங் முலு தேசியப் பூங்காவில் உள்ள லாங் குகை. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், பக்கத்திலுள்ள மான் குகையின் பிரம்மாண்டத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு, லாங் குகையை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு ஆதங்கம். மான் குகையில் கூரை எங்கோ இருட்டில் இருக்கும். லாங் குகையிலோ பல இடங்களில் கல் உங்கள் முகத்துக்கு அருகில் வந்து நிற்கும். கைவிளக்கை, கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதான ஒரு மெல்லிய தொங்கூசியின் நுனியில் நிலைநிறுத்தி, ஒரு சொட்டு திரண்டு விழும்வரை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சொட்டிலிருந்து கரியமில வாயு வெளியேறும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு விளிம்பில் மெல்லிய வளையமாகப் படிகிறது. வளையத்தின்மேல் வளையம் சேர்ந்து உறிஞ்சுகுழல் போன்ற உள்ளீடற்ற குழாய் நீள்கிறது. குழாய் அடைபட்ட பிறகு நீர் வெளிப்புறமாக வழிவதால் அது பருத்துக் கூம்பாகிறது. கீழே விழும் சொட்டு தெறித்துச் சிதறுவதால்தான், தரையிலிருந்து எழும் பொங்கூசியின் தலை பெரும்பாலும் மழுங்கலாக இருக்கிறது. இதை ஒரு முறை நேரில் கண்ட பிள்ளைக்குப் பாடநூல் விளக்கம் தேவைப்படாது.

மாமியாரைப் பொறுத்தவரை, பூங்கா அலுவலகத்திலிருந்து மழைக்காட்டின் ஊடே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் மரப்பாதையில் நடக்க வேண்டும். திரும்பவும் அதே தூரம். குகைக்குள் ஈரமான படிகளும் உண்டு. முன்கூட்டியே ஒரு காலை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் மரப்பாதையில் அவரோடு நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முலுவுக்குச் சாலை வழியாகச் செல்வதில்லை. மிரி போன்ற நகரத்திலிருந்து சிறு விமானத்தில் செல்ல வேண்டும். வழிகாட்டியுடன்தான் குகைக்குள் அனுமதி என்பதால், விமானச் சீட்டோடு அதற்கும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், ஏதோ ஒரு குகையில் உடைத்த விரல் நீளக் கல்விழுதை எனக்குப் பரிசாகத் தந்தார். வரவேற்பறை அலமாரியில் வைத்திருக்கிறேன். தொட்டாலே அவை கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், பிடோக்

பதில்: உண்மைதான். நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டினால், நீர் பழையபடி பரவாது, புதிய சுண்ணாம்பும் சரியாகப் படியாது. பலர் தொட்ட இடம் கறுத்துப்போகும். பல தொங்கூசிகள் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவே வளர்கின்றன. அந்தக் கணக்கில், உங்கள் அலமாரியில் உள்ள 7 சென்டிமீட்டர்த் துண்டு வளர 700 ஆண்டுகள் பிடித்திருக்கும். உடைக்க ஒரு நொடி போதுமானதாக இருந்திருக்கிறது. அதன் உடைந்த முகத்தைப் பாருங்கள்: மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதுபோல வளையங்கள் தெரியக்கூடும். இத்தகைய அடுக்குகளின் வயதை யுரேனியம், தோரியம் அளவைக் கொண்டு கணித்து, பழங்காலத்து மழை எப்படி இருந்தது என்று அறிவியலாளர்கள் அறிகிறார்கள். சிறிய குகையில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அங்கேதான் சேதமும் அதிகம். அந்தக் கல்லை இனி உரிய இடத்தில் ஒட்டவைக்க முடியாது. அது உங்களிடமே இருக்கட்டும். ஆனால் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் அழகுப்பொருள் என்று காட்டாமல், அது எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: குகையில் வெள்ளமும் வௌவால் எச்சமும் ஆபத்து என்று என் அண்ணன் தடுக்கிறார். போகலாமா? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்றுவிப்பாளரும் மழைவெள்ளத்தில் சிக்கி, ஜூலை 10-ஆம் தேதிதான் அனைவரும் மீட்கப்பட்டார்கள். ஆகவே மழை வலுத்து வழிகாட்டி திரும்பச் சொன்னால், கட்டிய பணத்தை எண்ணாமல் திரும்பிவிடுங்கள். காய்ந்த வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும்; பாதையை விட்டு இறங்கி அதைக் கிளறாதீர்கள். ஆஸ்துமாவோ நோய் எதிர்ப்பாற்றல் குறைவோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பிடிமானமுள்ள காலணி அணிந்து, ஆளுக்கொரு கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள்.