ஈக்கும் நடுக்குவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? (கடிதம்)

அன்புள்ள சார்,

அப்பச்சிக்கு 73 வயது. நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) வந்து நாலு வருஷம் ஆகிறது. வலது கை ஆடிக்கொண்டே இருக்கிறது, வளவு வாசல் நிலையைத் தாண்டுவதற்குள் நின்று நின்றுதான் கால் எடுக்கிறார். இந்த நோயைப் பழ ஈயை வைத்து ஆராய்கிறார்கள் என்று போன வாரம் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்த ஈயா? கசகசா மாதிரித் தலை. அதற்கும் எங்கள் அப்பச்சிக்கும் என்ன சம்பந்தம்? கோபமாகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

மு., தேவகோட்டை

அன்புள்ள மு.,

அதே ஈதான். படைப்புக்கு வாங்கி இரண்டாங்கட்டில் தொங்கவிட்ட வாழைத்தார் கனிந்ததும் எங்கிருந்தோ வந்து சேருமே, கண் சிவந்த சின்ன ஈ. விலங்கியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் நான் பாட்டிலில் வளர்த்திருக்கிறேன். ரவை, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி போட்டுக் கிண்டிய கூழ்தான் அதற்குச் சாப்பாடு. இறக்கும்போது உக்காரை வாசம் வரும்.

மூளையும் உண்டு. 2024-இல் ஒரு பெண் ஈயின் மூளை முழுவதையும் வரைபடமாக்கினார்கள், ஏறக்குறைய 1,39,000 நரம்பணுக்கள். அப்பச்சிக்குக் குறைந்துபோன டோபமின் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்களும் அதில் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை சொல்லி உங்களை மடக்க எனக்கு இஷ்டமில்லை, என்னையே அது மடக்கவில்லை. என்னை மடக்கியது வேறு.

இளவயதிலேயே நடுக்குவாதம் வரும் சில குடும்பங்களில் பார்க்கின் என்ற மரபணு கெட்டிருப்பது 1998-இலும், பிங்க்1 என்பது கெட்டிருப்பது 2004-இலும் தெரியவந்தது. இரண்டுக்கும் ஒட்டு உறவு உண்டா, தனித்தனியா? மனுஷரை வைத்து இதைச் சோதிக்க முடியுமா? ஈயில் செய்தார்கள். பார்க்கின் இல்லாத ஈக்குப் பறக்கும் தசை சிதைகிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போகிறது. பிங்க்1 இல்லாத ஈக்கும் அச்சு அசலாக அதேதான். பிறகு, பிங்க்1 இல்லாத ஈயில் பார்க்கினைக் கூட்டிப் பார்த்தார்கள், பெருமளவு தேறிவிட்டது. பார்க்கின் இல்லாத ஈயில் பிங்க்1-ஐக் கூட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. 2006-இல் வந்த முடிவு இது. நம் பர்மாக் கடைக் கணக்கில் சொன்னால் பிங்க்1 மேலாள், பார்க்கின் அடுத்தாள். மேலாள் இல்லாவிட்டாலும் அடுத்தாள் இரட்டிப்பாக உழைத்துக் கடையை ஓட்டிவிடலாம், அடுத்தாளே இல்லாத கடையில் மேலாள் எத்தனை உத்தரவு போட்டு என்ன? பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் கண்டு அப்புறப்படுத்துவதுதான் இந்த இருவரின் வேலை என்பது பிற்பாடு மனித செல்களில் தெளிவாயிற்று.

இன்னொன்று. நடுக்குவாதக்காரர் மூளையில் கட்டிகட்டியாகச் சேர்வது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம். ஈயிடம் அது கிடையவே கிடையாது. 2000-இல் மெல் ஃபீனியும் வெல்கம் பெண்டரும் மனித மரபணுவை ஈக்குள் வைத்து அதைச் சுரக்க வைத்தார்கள். குழாயைத் தட்டினால் ஈக்கள் கீழே விழும், விழுந்த வேகத்தில் சுவரேறும், அது அவற்றின் சுபாவம். இந்த ஈக்களும் இளமையில் ஏறின. மற்ற ஈக்களுக்கு முந்தியே இவற்றுக்கு ஏற முடியாமல் போயிற்று, டோபமின் அணுக்களும் குறைந்திருந்தன. நீங்கள் வளவு நிலையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகத்துக்கு வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈயின் ஆயுசே இரண்டு மூன்று மாதம்தான், அதனால் முதுமையில் வருவதைப் பார்க்க முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஈயில் பலித்த மருந்து அப்பச்சிக்கும் பலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலியில் பலித்தவையே மனுஷரிடம் வந்து எத்தனையோ தடவை கவிழ்ந்திருக்கின்றன. அப்பச்சிக்கு வந்தது எழுபதை ஒட்டி, பெரும்பாலும் அது ஒற்றை மரபணுக் கோளாறாகவும் இருக்காது.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. டோபமின் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால், கறிச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சிலருக்கு அது சரியாக உடம்பில் சேராது, புரதம் குறுக்கே நிற்கும். எத்தனை மணி இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுக்கம் கூடுகிறதா என்றும் பாருங்கள்.