பாட்டில் கழுவவா ஒரு மாதம்? – கடிதம்

வணக்கம் சார்,

நான் திண்டுக்கல் பக்கம். தடய அறிவியல் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வக நாட்களைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். இந்த விடுமுறையில் அரசு தடய அறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய எங்கள் துறைத் தலைவர் கடிதம் கொடுத்திருக்கிறார். ஆனால் போய்வந்த சீனியர்கள், "ஒன்றையும் தொட விடமாட்டார்கள். பாட்டில் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்" என்கிறார்கள். ஒரு தனியார் நிறுவனம் 15 நாள் ஆன்லைன் வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகிறது. அதில் சேர்ந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கு வேறு கவலை. பிணத்தையெல்லாம் பார்த்துவிட்டு இவள் ராத்திரி எப்படித் தூங்குவாள் என்கிறார். போவதென்றால் என்ன படித்துக்கொண்டு போகவேண்டும்?

ம.
(பெயரைச் சுருக்கியது நான்)

அன்புள்ள ம.,

உங்கள் சீனியர்கள் பொய் சொல்லவில்லை. தொட விடமாட்டார்கள். பாட்டிலும் கழுவ வேண்டியிருக்கும். ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அம்மாவின் கவலை. ஆய்வகத்துக்குப் பிணம் வராது. பிரேதப் பரிசோதனை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடக்கும். அது தடயவியல் மருத்துவர்களின் வேலை. கைரேகைப் பிரிவு தமிழ்நாட்டில் காவல்துறையோடு இருக்கிறது. தடய அறிவியல் துறை என்பது இந்த இரண்டும் சேராத தனித் துறை. சினிமாவில் மூன்றையும் ஒரே கண்ணாடி அறையில் ஒரே ஆள் செய்துவிடுகிறார். நம்மிடம் வருவதெல்லாம் பாட்டில், துணி மூட்டை, அட்டைப்பெட்டி.

அந்த அட்டைப்பெட்டி வந்து இறங்குகிற இடத்தில்தான் முதல் வாரம் உங்களை உட்கார வைப்பார்கள் என்று நினைக்கிறேன். சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காவலர் ராத்திரி பஸ் ஏறிக் காலையில் வந்து நிற்பார். கையில் நீதிமன்றக் கடிதம், அரக்கு முத்திரை வைத்த பெட்டி. கடிதத்தில் இருக்கும் மாதிரி முத்திரையும் பெட்டியில் இருக்கும் முத்திரையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். உருப்படிகளை எண்ண வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், கடிதத்தில் 7 உருப்படி, பெட்டியில் 6. குறைந்தது ஒரு கைக்குட்டை. "சார், அது சட்டைப் பையிலேயே இருக்கும் சார், பிரிச்சுப் பாருங்க" என்றார் காவலர். இருந்திருக்கலாம். ஆனால் பிரித்துத் தேடுவது எங்கள் வேலையில்லை. பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினார் என் மேலதிகாரி. அந்த மனிதர் வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தபோது பாவமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு வழக்கில் நானே சாட்சிக் கூண்டில் ஏறி, "எத்தனை உருப்படி வந்தது, யார் பிரித்தது, அப்போது யார் கூட இருந்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் வறுத்தெடுத்தபோது, மேலதிகாரி ஏன் அப்படிச் செய்தார் என்று புரிந்தது.

உங்களைத் தொட விடாததற்குக் காரணமும் இதுதான். சின்னப் பெண் என்பதால் இல்லை. தொட்டவர் எல்லோரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நீங்கள் ஒரு மாதத்தில் கல்லூரிக்குத் திரும்பிவிடுவீர்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது எங்கே தேடுவது? டி.என்.ஏ. பிரிவில் இன்னும் மோசம், நீங்கள் தும்மினாலே வழக்கில் புது ஆள் சேர்ந்துவிடுவார்.

அதனால் பழகுவதற்கென்று நாங்களே மாதிரி செய்து கொடுப்போம். கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ரத்தம், பழைய வேட்டி, அவ்வளவுதான். ரத்தக்கறையா என்று முதல்கட்டமாகப் பார்க்கும் காஸில்-மேயர் சோதனையை உங்கள் பாடத்தில் ஒரு பத்தியில் முடித்திருப்பார்கள். அதற்கான கரைசலைக் காய்ச்சுவதே ஒரு காலைப்பொழுது வேலை. பினால்ஃப்தலீனைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் அடர்த்தியான ரோஜா நிறம் வரும். துத்தநாகத் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டால் நிறம் மெல்ல வெளுத்து, கடைசியில் வெறும் தண்ணீர் மாதிரி ஆகும். அதுதான் பதம். வடிதாளை மடித்துக் கறையில் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டு ஆல்கஹால், ஒரு சொட்டு இந்தக் கரைசல், சற்றுப் பொறுத்து ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. ரத்தமாக இருந்தால் கண்ணெதிரே ரோஜா நிறம் பூக்கும். பெராக்சைடு விடுவதற்கு முன்னாலேயே நிறம் வந்தால் அந்தச் சோதனை செல்லாது. துரு போல வேறு ஏதோ வேலை செய்கிறது.

எங்களிடம் வந்த பையன் ஒருவன் சொட்டு விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது தாள் ரோஜா நிறமாக இருந்தது. "ரத்தம் உள்ளது" என்று எழுதி நீட்டினான். இந்தச் சொட்டுகள் விழுந்த வெறும் தாள்கூடக் கொஞ்ச நேரம் காற்றில் கிடந்தால் அப்படி நிறம் மாறும். சில நொடிக்குள் வருவதுதான் கணக்கு. இன்னொரு குறும்பும் செய்வோம்: நாலு துணியில் ஒன்றில் முள்ளங்கிச் சாறு தடவி வைப்போம். முள்ளங்கியில் இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதி இதே நிறத்தைத் தரும். அதில் ஏமாறாமல் தப்பித்த இன்டர்ன் என் காலத்தில் ஒருவர்கூட இல்லை. இந்தச் சோதனையில் நிறம் வந்தால் "ரத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதக்கூடாது. ரத்தம்தானா, மனித ரத்தமா, யாருடையது என்பதெல்லாம் அடுத்தடுத்த சோதனைகள்.

அப்புறம், பாட்டில் கழுவுவது. விஷத்தைத் தேடும் நச்சியல் பிரிவுக்கு, இறந்தவரின் உள்ளுறுப்புகள் பூரித உப்புக் கரைசலில் (இனி உப்பு கரையாது என்னும் அளவுக்கு உப்பு சேர்த்த தண்ணீர்) வரும். இரைப்பையும் குடல் துண்டும் ஒன்றில், கல்லீரலும் சிறுநீரகமும் இன்னொன்றில். கூடவே ஒரு பாட்டிலில் வெறும் உப்புக் கரைசல் மட்டும் வரும், ஒரு உறுப்பும் இருக்காது. முதல் நாள் அதைப் பார்த்து ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதையும் மற்றவற்றைப் போலவே சோதிக்க வேண்டும். விஷம் உடம்பில் இருந்ததா, ஊற்றிய கரைசலிலேயே இருந்ததா என்ற கேள்விக்கு அந்த வெறும் பாட்டில்தான் பதில். இப்போது யோசித்துப் பாருங்கள். நேற்று ஒரு பூச்சிமருந்து வழக்குக்குப் பயன்பட்ட குடுவையை நீங்கள் அரைகுறையாகக் கழுவி வைத்தால், இன்று மாரடைப்பில் இறந்தவர் வயிற்றில் பூச்சிமருந்து முளைக்கும். வீட்டில் மருமகள் ஒருத்தி இருந்தால் கதை முடிந்தது.

சென்னையில் 1849-இல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கினார்கள். இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல். விஷச் சாவுகளைக் கண்டுபிடிப்பது அங்கே முக்கிய வேலை. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட இடத்தில் சிதறிக் கிடந்தவற்றிலிருந்து, அந்தக் குண்டு உடம்பில் கட்டி வந்தது என்று எடுத்துக்காட்டிய பேராசிரியர் சந்திரசேகரன் தமிழ்நாட்டு ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். அந்த வழக்கைப் பற்றிக் கேட்காத மாணவர் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கும் மாதத்தில் அப்படியொன்று வராது. சாராயம், பூச்சிமருந்து, ரத்தக்கறை படிந்த லுங்கி, கள்ளக் கையெழுத்து, இவ்வளவுதான் அன்றாடம்.

நான் ஆய்வகத்தில் கற்றதில் பெரியது ஒரு சொல். "விஷம் இல்லை" என்று எழுதி எடுத்துப் போனேன். மேலதிகாரி அடித்துவிட்டு, "விஷம் கண்டறியப்படவில்லை" என்று எழுதினார். "இல்லைன்னு சொல்ல நீ யாருய்யா? நீ தேடின வழியில கிடைக்கல, அவ்வளவுதானே?" என்றார். இந்த வித்தியாசத்தை ஆன்லைன் வகுப்பிலும் ஸ்லைடு போட்டுச் சொல்லிவிடலாம்தான். எழுதிய தாளைக் கண்ணெதிரே அடித்துத் தர ஆள் வேண்டும்.

சரி, என்ன படிக்க? பிளஸ் டூ வேதியியலைத் திரும்பப் படியுங்கள், வெட்கமில்லாமல். பிறகு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போகவேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு இதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் படித்து முடிக்கும்போது ஆள் தேவைப்படும் இடம் அது.

பக்க எண் போட்ட நோட்டு ஒன்று, நீல மை பேனா. பென்சில் வேண்டாம். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். ஒயிட்னர் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். செல்போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த வழக்கைப் பற்றித் தோழிகளிடம்கூடப் பேசக்கூடாது.

அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். நச்சியல் பிரிவில் உட்கார வைத்த நாளில் அந்த வாடை தலைமுடியில் வீடுவரை வரும். வந்ததும் தலைக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். அன்றைக்குக் குழம்பு வேண்டாம். எனக்கு முதல் மூன்று நாள் மோர்ச்சோறுதான் இறங்கியது.