சொல்லும் பொருளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, 1 தீமோத்தேயு 6:10-இல், பண ஆசையை இச்சித்த சிலர் “அநேக வேதனைகளாலே தங்களை உருவக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்” என்று வருகிறது. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், உடம்பில் உருவம் பச்சை குத்துவதைப் போல என்று விளக்கினார். சரியா? கிரேக்கத்தில் என்ன சொல்?
– வாசகி, மெஞ்ஞானபுரம்

பதில்: சரியில்லை அம்மா. இந்த ‘உருவ’, உருவம் அல்ல. ‘உருவு’ என்ற வினை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது. “உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்” என்று லூக்கா 2:35-இல் சிமியோன் மரியாளிடம் சொல்கிறாரே, அந்த உருவுதல்தான்.

கிரேக்கச் சொல் ‘பெரிபெய்ரோ’. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. ‘பெய்ரோ’ என்றால் துளைத்தல், ‘பெரி’ என்றால் சுற்றிலும். ஹோமரின் இலியத் முதல் காண்டத்தில், பலி இறைச்சியைத் துண்டு போட்டுக் கம்பியில் கோத்துச் சுடும் இடத்தில் இதே ‘பெய்ரோ’ வருகிறது. கம்பி நடுவே போகிறது, கறி அதைச் சுற்றி நிற்கிறது. அந்த ‘சுற்றிலும்’ இப்படித்தான் வந்தது.

நம் பக்கத்துப் பிரசங்கங்களில் இதற்கு உடைமரத்தின் முள்ளை உவமை சொல்வதுண்டு. செம்மணல் தேரிக்காட்டில் உடைமுள் செருப்பையும் தாண்டிப் பாதத்தில் ஏறும், வலி உயிர்போகும். ஆனாலும் உட்கார்ந்து ஓர் ஊக்கால் நெம்பினால் வந்துவிடும். இந்த நிருபத்தில் பவுல் சொல்வது அதைவிடக் கொடியது. கம்பியில் கோத்த துண்டு தானாகக் கழன்று விழாது. விதைக்கிறவன் உவமையில் வசனத்தை நெருக்கிப்போடும் முள்ளும் வேறு. அங்கே சொல் ‘அகந்தா’. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

‘தங்களை’ என்பதை விட்டுவிடாதீர்கள். கிரேக்கத்தில் ‘ஹெயவ்டூஸ்’ என்று தனிச்சொல்லாகவே நிற்கிறது. குத்தியவனும் குத்துப்பட்டவனும் ஒருவனே. இன்னொன்று: ‘குத்திக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது இன்றைய காதுக்கு இப்போது நடப்பதுபோல் ஒலிக்கிறது. மூலத்தில் நடந்து முடிந்த வினை. குத்திக்கொண்டாயிற்று.

கேள்வி: அப்படியானால் பணமே தீமையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை. அதே வசனம் “பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது” என்றுதான் தொடங்குகிறது. அங்கே வேர் என்று சொல்லப்படுவது ‘பிலார்குரியா’, அதாவது பண ஆசை: ‘பிலோஸ்’ பிரியம், ‘அர்குரோஸ்’ வெள்ளி. லூக்கா 16:14-இல் பரிசேயரைப் ‘பொருளாசைக்காரர்’ என்பதும் இதே சொல்லின் உறவுதான். பணம் கையில் இருப்பவர்களுக்குப் பவுல் அதே அதிகாரம் 17, 18-ஆம் வசனங்களில் தனியாகப் புத்தி சொல்கிறார்: நிலையற்ற ஐசுவரியத்தை நம்பாமல், தாராளமாய்க் கொடுக்கச் சொல்கிறார். பணத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.