தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின் மீட்டரை மாற்றினால் மீதி யூனிட் என்ன ஆகும்?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் நகராட்சி ஆட்கள் பழுதான ப்ரீபெய்டு (முன்பணம் கட்டும்) மீட்டரை மாற்றப்போகிறார்கள், உள்ளே கிடக்கும் யூனிட் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மீதி யூனிட் பழைய மீட்டரிலேயே பதிவாகி நிற்கும். புதியதற்குத் தானாகத் தாவாது. அதனால் கழற்றும் முன் திரையில் தெரியும் மீதியையும், 11 இலக்க மீட்டர் எண்ணையும் ஒரே படத்தில் வரும்படி போனில் எடுத்துவிடுங்கள். திரை செத்துவிட்டதா? கடைசியாக டோக்கன் (யூனிட் ஏற்ற மீட்டரில் அழுத்தும் எண்) வாங்கிய ரசீதுகள்தான் ஆதாரம். மாற்ற வரும் ஆட்களின் வேலைச்சீட்டில் மீதியை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு செல்லாது.

பலர் ஏமாறுவது இங்கேதான்: வாங்கி வைத்த 20 இலக்க டோக்கன் அந்தப் பழைய மீட்டருக்கு மட்டுமே பூட்டப்பட்டது. புது மீட்டர் ஏற்காது. எனவே அடுத்த டோக்கனைப் புது எண்ணைச் சொல்லி வாங்குங்கள். எண் இன்னும் பதிவாகவில்லை என்று கடைக்காரர் சொன்னால், நகராட்சியைக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் பில் வரும் மீட்டர் என்றால் கடைசி ரீடிங், புதியதன் முதல் ரீடிங் இரண்டும் வேண்டும். பில்லில் உள்ள ஒரு குறிப்பிட்ட தொகையை எழுத்தில் மறுத்தால், அந்தத் தொகைக்காக வசூல் நடவடிக்கை எடுக்க 2000-ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 102-ஆம் பிரிவு இடம் தராது. மறுக்காத பாக்கியைக் கட்டிவிடுங்கள். நகராட்சி கைவிரித்தால் அடுத்த படி நெர்சா, அதாவது தென்னாப்பிரிக்காவின் தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு.