பழைய மேசையில் புள்ளி வைத்துக் கோலம்: கேள்விகளும் பதில்களும்

பழைய நாற்காலி, முக்காலி, பீரோ என்று கிடைத்ததை வாங்கி வந்து, தேய்த்து, அளந்து, கட்டமும் முக்கோணமும் கோலப்புள்ளியுமாக வண்ணம் தீட்ட ஆரம்பித்து எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு முக்காலியின் படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: தச்சுவேலை எதுவும் தெரியாது அக்கா. முதலில் எதை வாங்கலாம்?

சின்ன டீப்பாய் அல்லது முக்காலி. மேல்பலகை தட்டையாக இருக்கட்டும், செதுக்கு வேலை வேண்டாம். கடையில் முதலில் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். கால் ஆடினால் பரவாயில்லை, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பசை போட்டு ஒரு நாள் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தால் நின்றுவிடும். ஆனால் அடியில் சின்னச் சின்னத் துளைகளும் அதிலிருந்து மெல்லிய மாவும் கொட்டினால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. துளை மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் அது பழைய கதையாகவும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். புது மாவு விழுந்தால், மரப்பூச்சிக்கான மருந்தை ஊசியால் துளைக்குள் ஏற்றி, அது முழுக்க அடங்கிய பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து: தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டி, பித்தளைப் பூண் போட்டது. அதில் முழுக்க வடிவம் வரைய ஆசை. செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நல்ல தேக்கும் தோதகத்தியும் (ரோஸ்வுட்) எண்பது, நூறு வருடம் கை பட்டுப் பட்டு அடையும் நிறத்தை எந்த டப்பாவிலும் வாங்க முடியாது, மேலே எனாமல் ஏறிவிட்டால் அதை உரித்தெடுத்தாலும் அந்தப் பழைய மேல்தோல் திரும்பாது. உங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இந்த மாதிரிப் பெட்டிகளைத் தேடித்தான் வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் தீட்டுவதெல்லாம் ஏற்கெனவே யாரோ பெயிண்ட் அடித்துக் கெடுத்தது, ஒட்டுப்பலகை, சாதாரண மரம், சன்மைக்கா உரிந்தது, இவ்வளவுதான். ஆசை அடங்கவில்லை என்றால் மூடியின் உள்பக்கத்துக்கு அளவாக ஒரு மெல்லிய ஒட்டுப்பலகை வெட்டி, அதில் வரைந்து செருகி வையுங்கள். திறக்கும்போது மட்டும் தெரியும், அதுவே தனி அழகு. பெட்டிக்கும் ஒன்றும் ஆகாது.

சேலத்திலிருந்து: பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது வரும் தூசி குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய எனாமலில், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில் ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். பழைய தொட்டிலையும் நடைவண்டியையும் வாங்கி உலர்ந்தபடியே மெஷினால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் நேரடியாகப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

தண்ணீர் உப்புத்தாள் வாங்கி, நனைத்து நனைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது. வழிந்த சேற்றைப் பழந்துணியால் துடைத்து, அந்தத் துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், துவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். வேலை வெளியில் நடக்கட்டும், முகமூடி போடுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். வேலை முடியும்வரை குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது. பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் முழுக்கச் சுரண்டவே வேண்டாம், பளபளப்பு போகும் அளவுக்கு நனைத்துத் தேய்த்துவிட்டு மேலே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் போதும். ஆனால் குழந்தை வாய் வைத்துக் கடிக்கும் தொட்டில் மாதிரியான சாமானில் அடியில் என்ன பெயிண்ட் என்று தெரியாவிட்டால், அதை வாங்காமல் விடுவதுதான் சரி.

கோவை, மதுரை, இன்னும் பல பேர்: வடிவம் வரையும்போது ஒரு ஓரத்தில் முழு முக்கோணமும் மறு ஓரத்தில் பாதியுமாக வந்து நிற்கிறது. எப்படி அளப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பெயிண்ட் பூசுவது இந்த வேலையில் கால் பங்கு, மீதியெல்லாம் அளப்பதும் குறிப்பதும்தான். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசியில் இப்படித்தான் இடிக்கும். நடுவிலிருந்து தொடங்க வேண்டும். மேல்பலகையின் நான்கு மூலைகளிலிருந்தும் குறுக்காக நூல் பிடித்து அடித்தால் இரண்டும் வெட்டும் இடம் நடுப்புள்ளி. ஆசாரிமார் காவியில் நனைத்த நூலைச் சுண்டி விடுவார்களே, அதேதான். நான் கோலமாவைத் தடவிய நூலில் அடிக்கிறேன், துடைத்தால் போய்விடும். பழைய சாமானில் மூலைகள் சரியான நேர்கோணமாக இருக்கவே இருக்காது, அதனால் ஓரத்தை நம்பாமல் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போட்டு, அதை வைத்து மூலைமட்டம் (நேர்கோணம் பார்க்கும் எல் வடிவக் கருவி) பிடியுங்கள். வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ள ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே நிறத்தில் கரை விட்டுவிடுங்கள், சேலைக்குக் கரை மாதிரி. அரை சென்டிமீட்டர் கோணல் அந்தக் கரையில் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது, வகுபடாத அளவு. பலகை 47 செ.மீ. அகலம், அதை ஆறு பங்காக்க வேண்டும் என்றால் கால்குலேட்டர் தேவையில்லை. அளவுகோலைச் சாய்த்து வையுங்கள், ஒரு ஓரத்தில் 0, மறு ஓரத்தில் 48 வரும்படி. இப்போது 8, 16, 24, 32, 40 என்ற இடங்களில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகள் வழியாக ஓரத்துக்கு இணையாகக் கோடு போட்டால் ஆறும் சரிசமம்.

முக்கோணமும் அறுகோணமும் வேண்டுமென்றால் நம் வீட்டு வாசலிலேயே கணக்கு இருக்கிறது. ஊடுபுள்ளிக் கோலம் போடுகிறோமே, 7 புள்ளியில் ஆரம்பித்து மேலும் கீழும் 4 வரை, அது அறுகோணம்தான். வாசலில் கண் அளவில் வைப்போம், மரத்தில் அளந்து வைக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 4.33 செ.மீ., அதாவது 0.866ஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரும். 7-4 கோலம் இந்த அளவில் 30 செ.மீ. அகலமும் 26 செ.மீ. உயரமும் பிடிக்கும், ஒரு முக்காலிக்குக் கச்சிதம். இதே புள்ளிகளைச் சாய்சதுரங்களாகச் சேர்த்து வெளிர், நடுத்தரம், கருமை என்று ஒரே நிறத்தின் மூன்று சாயல்களைக் கொடுத்தால் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி புடைத்துத் தெரியும். இத்தாலியின் பாம்பேய் நகரம் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்ததே, அங்கே ஃபான் (ரோமானியர்களின் வனதேவதை) சிலை கிடைத்த பெரிய வீட்டில் ஒரு தரை முழுக்க மூன்று நிறக் கல்லில் இதே வடிவம்தான். வெளிர் முகம் எல்லாப் பெட்டியிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் மொத்தமும் தட்டையாகிவிடும். அதனால் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சாய்சதுரத்திலும் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள்.

சென்னையிலிருந்து: மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் பூசுகிறேன், எடுத்தால் ஓரம் மீசை மாதிரி கசிந்திருக்கிறது.

டேப்பை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அல்ல, ஒரு பழைய ஏடிஎம் அட்டையால் அழுத்துங்கள். அப்புறம் அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதே நிறத்தை டேப்பின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு முறை பூசிக் காயவிடுங்கள். கசிவது கசியட்டும், அது அடிநிறத்தோடு கலந்துவிடும், சந்து அடைபட்டுவிடும். பிறகு புது நிறம் பூசினால் கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் வரும். பெயிண்ட் முழுக்கக் காயும் முன்பே டேப்பை மடக்கிப் பின்னோக்கி இழுங்கள், காய்ந்து இறுகியபின் இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து உரியும்.

பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களை ஒரே நாளில் பூச நினைக்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்று பூசி, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள்தான் அதன்மேல் டேப் ஒட்டி மீதியைப் பூச வேண்டும். எனாமல் என்றால் இரண்டு இரவு. அவசரப்பட்டுத்தான் எனது மூன்றாவது மேசையை முழுக்கத் தேய்த்து மறுபடி ஆரம்பித்தேன்.

சென்னையிலிருந்தே இன்னொருவர்: ஐப்பசி, கார்த்திகையில் செய்யலாமா?

அளவெடுக்கலாம், வடிவம் வரைந்து பார்க்கலாம். அடைமழையில் எனாமல் பிசுபிசுவென்றே நிற்கும். தை பிறக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: வெள்ளை பூசிய அலமாரியில் நான்கே நாளில் பழுப்புக் கறை. இரண்டாவது முறை பூசியும் திரும்ப வருகிறது.

மரம் வேங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறிவிடும் இல்லையா, அந்தச் சாறுதான் உங்கள் வெள்ளைக்குள் ஏறுகிறது. தண்ணீரில் கரையும் பெயிண்ட் அதை இன்னும் இழுக்கும். எத்தனை முறை வெள்ளை பூசினாலும் நிற்காது. காய்ந்த பெயிண்டை லேசாகத் தேய்த்துவிட்டு அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பாலிஷ் இரண்டு கை அடியுங்கள், மெழுகு நீக்கிய அரக்காகக் கேட்டு வாங்குங்கள், மெழுகு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. அதற்கு மேல் வெள்ளை. எனாமல் வெள்ளை வேண்டாம், வெளிச்சம் படாத உள்தட்டுகளில் அது தானாகவே மஞ்சளாகும்.

ஈரோட்டிலிருந்து: சன்மைக்கா ஒட்டிய மேசை, இரும்பு பீரோ, இரண்டிலும் பூசலாமா?

பூசலாம், பிடிப்பு கொடுத்தால். சன்மைக்காவை முதலில் வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, 180ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, வழுவழுப்பான பரப்புக்கென்று விற்கும் பிரைமரைப் பூசுங்கள். சாதாரண மர பிரைமர் பூசினால் நகம் பட்டாலே உரியும். பீரோவுக்குத் துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே எனாமல். பீரோ கதவு நீளவாக்கில் பெரிய பரப்பு, அதில் பொடிப்பொடியான வடிவம் கண்ணை உறுத்தும், கதவுக்கு ஒன்றாக இரண்டே பெரிய வைர வடிவம் போதும்.

தஞ்சாவூரிலிருந்து: சிக்குக் கோலத்தை நாற்காலிச் சாய்வில் கொண்டுவர முடியுமா? வளைவுகள் கையில் நிற்கவில்லை.

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றியிருக்கும் சின்னச் சதுரத்தை மட்டும் பாருங்கள். நான்கு பக்கத்திலும் கோடு ஒன்று அடுத்த புள்ளிக்குக் குறுக்கே கடக்கும் அல்லது கடக்காமல் வளைந்து திரும்பும். அவ்வளவுதான் சாத்தியம். திருப்பி வைத்தால் ஒன்றாகும் வடிவங்களைக் கழித்துவிட்டால் மொத்தம் ஆறே வடிவம்: வட்டம், துளி, கண், அடுத்தடுத்த இரண்டு மூலை கூரானது, மூன்று மூலை கூரானது, நான்கு மூலையும் கூரான வைரம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக, அதாவது விதிகளாக, எழுதிக் காட்டினார்கள் என்றால், நம் பாட்டிமார் கையில் இருந்தது அத்தனை ஒழுங்கான கணக்கு.

அதனால் இந்த ஆறுக்கும் ஆறு அச்சு (ஸ்டென்சில்) வெட்டிக்கொண்டால் எந்தச் சிக்கையும் மரத்தில் இறக்கலாம். ஓஎச்பி ஷீட்டில், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், கூரான கத்தியால் வெட்டுங்கள். கையால்தான் வரைவேன் என்றால், தாளில் முழுக் கோலத்தையும் வரைந்து கோட்டின் மேலேயே ஊசியால் வரிசையாகக் குத்தி, மரத்தின் மேல் வைத்து, கோலமாவை மெல்லிய துணியில் முடிந்து தட்டுங்கள். புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கும். அதன்மேல் நீள முடி லைனர் பிரஷ், பெயிண்ட் பால் பதத்தில். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுத்தால் வளைவு நடுங்காது.

சிவகங்கையிலிருந்து: ஆத்தங்குடித் தரை மாதிரி மேசை செய்ய முடியுமா?

ஆத்தங்குடிக் கல்லில் பல வடிவங்கள் ஒரு கல்லில் முழுதாக இருக்காது, கவனித்திருப்பீர்கள். கால் வட்டம்தான் இருக்கும், நான்கு கல் சேரும்போது பூவாகும். அங்கே கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்கள், நாம் ஒரே அச்சை வெட்டி 90 டிகிரி திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். அச்சின் நான்கு ஓரமும் துல்லியமான சதுரமாக இல்லாவிட்டால் பூ சேராது. ஸ்பாஞ்சில் பெயிண்ட் தொட்டு, பழந்தாளில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் தட்டுங்கள். காவிச் சிவப்பு, கடுகு மஞ்சள், சாம்பல் பச்சை, கறுப்பு, அழுக்கு வெள்ளை, இதற்கு மேல் நிறம் வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து: மேசையில் சூடான காபி டம்ளர் வைத்தால் தாங்குமா?

மேலே தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 400ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசான தேய்ப்பு. மூன்று மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுக மூன்று வாரம் ஆகும். அதுவரை டம்ளர், பூச்சாடி, மேசை விரிப்பு எதுவும் வேண்டாம். மூன்று வாரத்துக்குப் பிறகும் கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாத்திரத்தை நேராக வைக்காமல் அடியில் ஒரு பிரிமணை போடுங்கள்.