'எடையைக் குறைங்க' என்பதற்கு மேல் டாக்டரிடம் என்ன பேசுவது?

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. பனியன் கம்பெனியில் உட்கார்ந்தே செய்யும் தையல் வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனால், 'எடையைக் குறைங்க' என்ற ஒரே வரியோடு அனுப்பிவிடுகிறார். வலி தாங்க முடியாத நாட்களில் மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். மாதவிலக்கும் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. தைராய்டாக இருக்குமோ? வாரம் ஓர் ஊசி போட்டால் எடை குறையும் என்கிறார்களே, அதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, திருப்பூர்

பதில்: தைராய்டு, ஊசி எல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பொட்டலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இப்படிப்பட்ட பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே மிகச் சிறியதாக ஒரு மாத்திரை இருக்கும். அந்தச் சின்ன மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு, அதாவது உடம்பே சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்யும் வீரியமான மருந்து. டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது ஒன்று. போட்ட மறுநாளே வலி பறந்துவிடும், பசியும் நன்றாக எடுக்கும். அதனால் 'கடைக்காரர் மாத்திரைதான் கேட்கிறது' என்று திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், வயிற்றைச் சுற்றிச் சதை போடும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். மாதவிலக்கும் குளறுபடியாகலாம். எடைக்காக ஒரு பக்கம் பட்டினி கிடந்து, இன்னொரு பக்கம் எடை ஏற்றும் மாத்திரையை விழுங்குகிற கதை இது. உங்கள் பொட்டலத்திலும் அது இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மிச்சம் இருப்பதை அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள், எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்று முக்கியம்: வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டிருந்தால் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது என்று ஆபத்தாகிவிடலாம். படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார். மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாத பொடியோ லேகியமோ சாப்பிட்டால் அதையும் காட்டுங்கள். அவற்றிலும் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது.

சரி, பேச்சை எப்படி ஆரம்பிப்பது? முழங்கால் வலிக்குப் போன இடத்தில், வெளியே முப்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது, கதவருகே நின்றுகொண்டு 'அப்புறம் டாக்டர், இந்த எடை...' என்று இழுத்தால் ஒரு வரிதான் பதிலாக வரும். 'என் எடையைப் பற்றி மட்டும் பேசணும் டாக்டர், கூட்டம் இல்லாத நேரம் எப்போது வரட்டும்?' என்று கேளுங்கள். இப்படி நேராகக் கேட்பவரிடம் முகம் சுளிக்கும் டாக்டர்கள் குறைவு.

போகும்போது உங்கள் எடையின் கதை கையில் இருக்கட்டும். கல்யாணத்தின்போது எவ்வளவு, ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் எவ்வளவு, எந்த வருடம் சட்டென்று ஏறியது, அப்போது புதிதாக என்ன மருந்து ஆரம்பித்தீர்கள். வலிப்பு, மனநலம், சர்க்கரை ஆகியவற்றுக்கான சில மருந்துகளும் எடையை ஏற்றும். இரவில் குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு வையுங்கள். சாப்பாட்டை மூன்று நாள் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கம்பெனி டீ பிரேக்கில் சர்க்கரை போட்ட டீயோடு வரும் பஜ்ஜி, குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டது, எல்லாமே. 'நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்' என்று தொடங்கினால் எங்களைப் போன்ற டாக்டர்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் கணக்கு, சுமார் 34.5 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று கணக்கு. அதே எடையில் மேலை நாட்டவரைவிட நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்வதால் நம் அளவுகோல் இறுக்கமானது. டாக்டர் டேப்பால் இடுப்பையும் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பிரஷர், சர்க்கரை மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ஆகியவற்றைப் பார்ப்பார். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் சொல்லுங்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. மாதவிலக்கு தள்ளிப்போவதற்குக் கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு உண்டா என்று பார்க்கலாம். தைராய்டு மீது நிறையப் பேர் பழி போடுகிறார்கள். தைராய்டு குறைந்தால் பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை ஏறும், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும்தான். முப்பது கிலோவை அது தலையில் கட்ட முடியாது.

முழங்காலையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். குண்டாக இருப்பவருக்கும் மூட்டைத் தொட்டு, மடக்கிப் பார்க்கத்தான் வேண்டும். தொடைத் தசைக்கான பயிற்சிகளை உட்கார்ந்தபடியே செய்யலாம், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. எனவே 84-லிருந்து 60-க்கு வர வேண்டும் என்று மலைக்காதீர்கள். 5 சதவீதம், அதாவது நான்கு கிலோ குறைந்தாலே சர்க்கரை, பிரஷர், மாதவிலக்கு எல்லாவற்றிலும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும்.

குறைத்த எடை திரும்ப ஏறினால், அதை 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று தள்ளிவிட முடியாது. 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 10 வாரம் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன் அதிகமாகவே இருந்தது. உடம்பு பழைய எடையைத் திரும்பக் கேட்கிறது. ஒரு மாதப் பட்டினியை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. சோற்றின் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியல், பருப்பு, முட்டை, மீன், சுண்டல் என்று வைப்பதுதான் நிற்கிறது.

இனி ஊசி. செமாக்ளுடைட், டிர்செபடைட் என்ற இரண்டும் எடைக்கான ஊசிகளாக 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. ஆய்வுகளில், உணவுமுறையோடும் நடையோடும் சேர்த்து ஒன்றேகால் வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு, செமாக்ளுடைடில் சராசரியாக 15 சதவீதமும், டிர்செபடைடின் உச்ச அளவில் 20 சதவீதமும் எடை குறைந்தது. 30-க்கு மேல் பி.எம்.ஐ. உள்ள உங்களுக்கு அதைப் பற்றிக் கேட்க முழு உரிமை உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம், பித்தப்பைக் கல்லும் வரலாம். கணையத்தில் வீக்கம் வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் சொல்லிவிட வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் செமாக்ளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் கேட்பதில்லை: ஓர் ஆய்வில் செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே 'இந்த மாதச் செலவு எவ்வளவு' என்பதோடு 'எத்தனை வருடம்' என்றும் கேளுங்கள். குடும்ப வரவுசெலவைப் பார்த்துத்தான் நானும் முடிவு சொல்வேன். அறுவை சிகிச்சையும் ஒரு வழிதான், ஆனால் உங்களுக்கு அது இப்போதைக்கு முதல் பேச்சு அல்ல.

திட்டினால்? 'நானும் முயற்சி செய்துதான் பார்க்கிறேன் டாக்டர், அடுத்த மூன்று மாதம் என்ன செய்யணும், எப்போது திரும்ப வரணும் என்று எழுதிக் கொடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் பழைய வரியே வந்தால் வேறு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை. பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கணவரையும் கூட்டிப்போக முடிந்தால் நல்லது, குறட்டையைப் பற்றி அவர்தான் சரியாகச் சொல்வார்.