சி லைப்ரரியில் அசெர்ட்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: அண்ணா, காசிமேட்டு மீன் எடைக்கு ஒரு லைப்ரரி எழுதுகிறேன். படகு எண்ணைப் பட்டியலில் தேடும் உள் ஃபங்ஷன் கட்டாயம் படகைக் கண்டுபிடித்துவிடும். ஆனாலும் கிளாங் அனலைசர் (கோடை ஓட்டாமலே பிழை தேடும் கருவி) நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத பாயிண்டர்) என்று கத்துகிறது.

கட்டாயம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும் தம்பி, அதற்குத் தெரியாது. லூப் முழுக்க ஓடியும் கிடைக்காத பாதையையும் அது நடந்து பார்க்கிறது. லூப் முடிந்ததும், பாயிண்டரைத் தொடுவதற்கு முன், அசெர்ட்(படகு != நல்) என்று ஒரு வரி போடுங்கள். 'இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்' என்ற சோதனைதான் அசெர்ட்; பொய்யானால் புரோகிராமை அங்கேயே நிறுத்தும். அசெர்ட் தோற்றால் போகும் ஃபங்ஷன் 'நோரிட்டர்ன்', திரும்பி வராது. அதனால் அந்தப் பாதையை அனலைசர் அங்கேயே வெட்டிவிடும். சொந்த மேக்ரோ வைத்திருந்தால் கவனம்: அதன் ஹேண்ட்லர் (தோற்றால் அழைக்கப்படும் ஃபங்ஷன்) லாக் எழுதிவிட்டுத் திரும்பினால் எதுவும் வெட்டப்படாது. ஹேண்ட்லர் திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் கிளாங்குக்கு மட்டும் 'அனலைசர்_நோரிட்டர்ன்' குறி உண்டு. இரண்டு நிபந்தனையை && போட்டு ஒட்டாதீர்கள்; எது தோற்றது என்றே தெரியாது.

வியாசர்பாடி: போட்டேன், எச்சரிக்கை போகவில்லை.

என்டீபக் (அசெர்ட்டை அணைக்கும் மேக்ரோ) போட்ட பில்டை ஓட்டியிருப்பீர்கள். அதில் அசெர்ட்டே கிடையாது. சிமேக் என்ற பில்ட் கருவியில் 'ரிலீஸ்' மட்டுமல்ல, 'ரெல்வித்டெப்இன்ஃபோ'வும் என்டீபக் சேர்க்கும். 'டீபக்' பில்டில் ஸ்கேன்-பில்ட் (பில்டோடு அனலைசரையும் ஓட்டும் கட்டளை) ஓட்டுங்கள். கான்ஃபிகர் செய்வதும் ஸ்கேன்-பில்ட் வழியாகவே நடக்கட்டும்.

கொருக்குப்பேட்டை: அசெர்ட்(எஃப்ரீட்(...) == நீளம்) சரியா?

கூடவே கூடாது! என்டீபக் வந்தால், எஃப்ரீட் ஃபைலைப் படிக்கும் வேலையே காணாமல் போகும். விடையை வேரியபிளில் வாங்கி, பிறகு அசெர்ட் பண்ணுங்கள்.

ராயபுரம்: அசெர்ட்(எண்++ < வரம்பு)?

மேலே படியுங்க.

பெரம்பூர்: வெளியாள் நல் கொடுத்தால்?

பொது ஃபங்ஷனில் பிழை எண் திருப்புங்கள். அசெர்ட் நம் வீட்டுக்குள் பேசுவது.

திருவொற்றியூர்: ஒத்துக்க மாட்டேன். விதியை மீறியவன் புரோகிராம் அங்கேயே விழட்டும். பிழை எண்ணை எவன் பார்க்கிறான்?

டீபக்கில் விழும், சரி. ரிலீஸில்? என்டீபக் முடிவு லைப்ரரியை கம்பைல் பண்ணும்போதே எடுத்தாகிவிட்டது; உங்கள் .so-வை (கம்பைல் ஆன லைப்ரரி ஃபைலை) வாங்குபவர் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்போது விழுவதும் இல்லை, பிழை எண்ணும் இல்லை.

திருவொற்றியூர்: அப்போ பில்டின்_அஸ்யூம் போடலாமே?

அது சோதனையே இல்லை, 'இது எப்போதும் உண்மை' என்று கம்பைலருக்குச் சத்தியம் செய்து கொடுப்பது. பொய்யானால், கீழே நீங்கள் எழுதிய நல் சோதனையையே அது தூக்கி எறியலாம். வெளியாள் கொடுத்ததை வைத்துச் சத்தியம் பண்ணுவீங்களா?

ராயபுரம்: அண்ணா, அசெர்ட்(சேமி() == 0)...

மறுபடியுமா? எஃப்ரீட் பதில்தான்.

மணலி: எடை ரெக்கார்டு 16 பைட்தான் என்று உறுதி செய்ய?

ஸ்டாட்டிக்_அசெர்ட். சி11 முதல் இருக்கிறது. கம்பைலிலேயே நிறுத்தும், என்டீபக் அதைத் தொடாது.